ஒஸ்டின் காரும் ஒரு விசாப் படிவமும்

மகன் வருகிற கோடைக்கு என்னை ஜேர்மனிக்குக் கூப்பிட்டிருக்கிறான். கூப்பிட்டது பெரிய புதினமல்ல. எங்கள் ஊரில் வீட்டுக்கொரு பிள்ளை வெளியில் இருக்கிறது. தாய்மாரைக் கூப்பிடத்தான் செய்கிறார்கள். புதினம் என்னவென்றால் அவன் அனுப்பிய பயணத் திட்டம். ஐரோப்பா வரைபடத்தில் சிவப்புக் கோடு ஒன்று இழுத்து, எங்கெங்கே நிற்பது என்று எழுதியிருந்தான். இரண்டு கிழமை, அவனுடைய காரில், போகிற இடமெல்லாம் கார் நூதனசாலைகள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உனக்கென்ன விசரே பிள்ளை? லூர்து மாதாவும் இல்லை, ஹம் காமாட்சி அம்மனும் இல்லை. அவ்வளவு தூரம் போயும் பழைய இரும்பையோ பாக்கப் போறாய்? அது உன்ர வளவுக்கையே கிடக்குது" என்றா.

கிடக்கத்தான் செய்கிறது. எங்கள் வேப்பமரத்தின் கீழே, தறப்பாளால் மூடியபடி, 1953ஆம் ஆண்டு ஒஸ்டின் ஏ40 சொமசெற் கார் ஒன்று நிற்கிறது. மாமா வாங்கியது. அவருக்குப் பிறகு இவர் அதை ஹயருக்கு ஓடினார். கலியாணம், பிள்ளைப்பெறு, நல்லூர்த் தேர், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான் போகும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெளிநாட்டிலிருந்து கார் இறக்குவது கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், இருந்த ஒஸ்டினையும் மொறிஸ் மைனரையும் திருத்தித் திருத்தி ஓடப் பழகியவர்கள் எங்கள் ஆட்கள். கொழும்புக்கு யப்பான் கார்கள் வந்து குவிந்தபோது எங்களுக்குச் சண்டை வந்தது. அதனால் பழையவை இங்கே மிஞ்சின.

1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்ததும் பெற்றோல் நின்றது. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு ஜாம் போத்தல் விளக்கு நினைவிருக்கும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டதும் நினைவிருக்கும். அந்த நாட்களில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். பகிடியில்லை. பழைய என்ஜின்களில் அமுக்கம் குறைவு. சூடேறிவிட்டால் மண்ணெண்ணெயையும் எரிக்கும். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் உழவு மெசின்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெயில் ஓடியவைதான். ஆனால் குளிர்ந்த என்ஜின் மண்ணெண்ணெயில் ஸ்ராட் வராது. அதற்குக் கொஞ்சப் பெற்றோல் வேண்டும். அந்தக் கொஞ்சத்தை ஒரு பழைய மருந்துப் போத்தலில், சாமித்தட்டுக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்திருப்போம்.

காபரேற்றருக்குள் பெற்றோலை ஊற்றுவது என் வேலை. இவர் கீழே குனிந்து கம்பியைப் போட்டுச் சுற்றுவார். நான் பொனற்றைத் திறந்துகொண்டு நின்று சொட்டுச் சொட்டாக விடுவேன். கூட விட்டால் நாளைக்கு இல்லை, குறைய விட்டால் இன்றைக்கு இல்லை. என்ஜின் இருமி இருமி, பிறகு ஒரு சீரான சத்தத்துக்கு வரும். அப்போது மண்ணெண்ணெய்த் திருகைத் திறக்க வேண்டும். அந்தச் சத்தம் எது என்று எனக்குத்தான் தெரியும் என்று இவர் எல்லோருக்கும் சொல்லுவார். என்னைப் பற்றி அவர் ஊருக்குச் சொன்ன புகழ்ச்சி அது ஒன்றுதான். கறி நன்றாயிருந்தாலும் ஒரு சொல் வராது.

மண்ணெண்ணெய் ஓட்டத்தில் ஆயிரம் கரைச்சல். பிளக்கில் கரி பிடிக்கும். எரியாத எண்ணெய் கீழே வடிந்து என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கும். பின்னால் வெள்ளைப் புகை. ஹயருக்கு ஏறிய பொம்பிளைகளின் கூறைச்சேலையெல்லாம் மண்ணெண்ணெய் மணக்கும்.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு எழும்பியபோது, காருக்குள் ஒன்பது பேர். மாமி முன்னால், என் மடியில் ஏழு வயது மகன், பின்னால் நடக்க ஏலாத அயலவர்கள். மழை. செம்மணி வெளியில் சனம் நடக்கிற வேகத்துக்கே கார் ஊர்ந்தது. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட நின்றுவிட்டது. எண்ணெய்க் குழாயில் ஊத்தை அடைத்திருந்தது. ரோச் அடிக்கப் பயம். இருட்டில் தடவிக் குழாயைக் கழற்றி நான் வாயால் உறிஞ்சித் துப்பினேன். கடைசிச் சொட்டுப் பெற்றோலும் அப்போது முடிந்தது. மகனுக்கு அந்த இரவில் வேறொன்றும் நினைவில்லையாம். "அம்மா துப்பினது மட்டும் ஞாபகம்" என்று சொல்லுவான். இன்றைக்கு அவன் ஸ்ருட்காட்டுக்குக் கிட்ட ஒரு கராஜில் வேலை செய்கிறான்.

சரி, அவனுடைய திட்டத்துக்கு வருகிறேன்.

முதலில் ஸ்ருட்காட்டில் உள்ள மெர்சிடிஸ் பென்ஸ் நூதனசாலை. இப்போதுள்ள கட்டடம் 2006இல் திறந்தது. லிப்ற்றில் உச்சிக்கு ஏற்றிவிடுவார்களாம். அங்கே 1886ஆம் ஆண்டுக் காரில் தொடங்கிச் சுழன்று சுழன்று கீழே இறங்கி வர வேண்டும். முழங்கால் வருத்தக்காரருக்கு நல்ல ஏற்பாடு. பிறகு சின்ஸ்ஹைம், அங்கே கட்டடத்தின் மேல் கொன்கோட் விமானத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பிறகு பிரான்சில் முலூஸ். ஷ்லும்ப் என்ற இரண்டு சகோதரர்கள் நூல் ஆலை நடத்தியவர்கள். ஆலைக்குள்ளே இரகசியமாக நானூறுக்கு மேற்பட்ட கார்களைச் சேர்த்து வைத்தார்கள். ஆலை நொடித்து, 1977இல் தொழிலாளர்கள் உள்ளே புகுந்தபோதுதான் தங்கள் உழைப்பு எங்கே போனதென்று கண்டார்கள். 1982இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மகன் அங்குள்ள புகாட்டி கார்களைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தான். நான் அந்த ஆலைப் பெண்களின் சம்பளத்தைப் பற்றித்தான் யோசித்தேன்.

கடைசியாக ஒல்லாந்தில் டென் ஹாக் நகரத்து லௌமன் நூதனசாலை. 1910இல் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரர் ஓடித் திரிந்த அன்ன வடிவக் கார் அங்கே இருக்கிறதாம். அன்ன வாகனத்தை நாங்கள் கோயிலில் கண்டதுதானே.

ஒஸ்டின் பிறந்தது இங்கிலாந்தில், பேர்மிங்காமுக்குக் கிட்ட லோங்பிரிட்ஜில். ஹேர்பேட் ஒஸ்டின் 1905இல் தொடங்கிய தொழிற்சாலை அது. 2005இல் நொடித்துப் போனது. அந்த நாட்டுக் கார்களை கேடன் என்ற இடத்து நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஷெங்கன் விசாவுக்கு இங்கிலாந்து விடாது, அதற்கு வேறு விசா. மகன் அந்தப் பெயரைக் கோடு போட்டு வெட்டிவிட்டான். எனக்கு அதில் ஒரு மனக்குறைதான்.

நான் திட்டத்தில் ஒரு மாற்றம் கேட்டேன். லாடன்பேர்க்கை முதலில் போடு என்றேன். கார்ல் பென்ஸும் மனைவி பேர்த்தாவும் கடைசிக் காலத்தில் வாழ்ந்த சிற்றூர் அது. அவர்களின் பழைய தொழிற்சாலைதான் அங்கே நூதனசாலை. பேர்த்தாவைப் பற்றி மகன் சொல்லித்தான் அறிந்தேன். கலியாணத்துக்கு முன்னமே தன் சீதனக் காசை வாங்கி, நொடிக்க இருந்த கார்லின் பட்டறையை மீட்டவ. 1888 ஆவணியில், புருசனுக்குச் சொல்லாமல், இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குத் தாய் வீடு போனா. நூறு கிலோமீற்றருக்கு மேல். அதற்கு முன்னர் ஒருவரும் காரில் அவ்வளவு தூரம் போனதில்லை. வழியில் எண்ணெய் முடிய, வீஸ்லொக் என்ற ஊரில் மருந்துக்கடையில் ஊத்தை போக்கும் எண்ணெயை வாங்கி ஊற்றினா. குழாய் அடைக்க, தொப்பி ஊசியால் குத்தி எடுத்தா.

இதைக் கேட்டதும் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மா, லைன் கட்டாயிட்டுதோ?" என்றான். "இல்லையடா, அவவின்ர மருந்துக்கடையும் எங்கட மருந்துப் போத்தலும்" என்றேன். அவன் சொன்னான், "அங்கை நிக்கிற காருகளிலை மண்ணெண்ணெய் மணக்காது அம்மா. எல்லாம் துடைச்சுப் பொலிஷ் போட்டு, சுத்திக் கயிறு கட்டியிருக்கும்."

இனிக் காகிதங்கள். பிள்ளைகளிடம் போக இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். ஒரே விசாவில் ஜேர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்து மூன்றும் போகலாம்; கூடுதலான நாள் நிற்கிற நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ, மறுத்தால் திருப்பித் தர மாட்டார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். மகன் செலவைப் பொறுப்பேற்று அங்கே ஒரு கடிதம் எடுத்து அனுப்புகிறான். நான் திரும்பி வருவேன் என்பதற்குக் காணி உறுதி, வங்கிப் புத்தகம்.

இவ்வளவும் சேர்த்துவிட்டேன். படிவத்தில் ஒரு கேள்வியில்தான் நின்றேன். திருமண நிலை: தனியாள், மணமானவர், பிரிந்தவர், விவாகரத்தானவர், விதவை, மற்றவை.

இவர் 2006 கார்த்திகையில் ஒருநாள் காலை, காருக்கு ரியூப் ஒன்று பார்க்க வேண்டுமென்று சைக்கிளில் போனவர். ஏ9 பாதை பூட்டியிருந்த காலம். பின்னேரம் ஊரடங்குக்கு முன்னர் வந்துவிடுவேன் என்றார். சைக்கிளும் வரவில்லை. அடுத்த வருடம் மகனை, இருந்த நகையையெல்லாம் விற்று அனுப்பினேன். பதிவுகள், விசாரணைகள், ஆணைக்குழுக்கள், படம் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றது, எல்லாம் உங்களுக்கும் தெரியும்.

படிவம் நிரப்பித் தருகிற தம்பி நல்ல பிள்ளை. "விதவை எண்டு போடுங்கோ அன்ரி, பிரச்சினையில்லை" என்றான். மரணச் சான்றிதழ் இல்லையே என்றேன். "எடுக்கலாம்தானே?" எடுக்கலாம். 2016இல் வந்த சட்டத்தின்படி, செத்தார் என்று சொல்லாமல் காணாமற் போனதற்கான சான்றிதழும் எடுக்கலாம். நான் அதையும் இன்னும் எடுக்கவில்லை.

இதே கதையைக் கார் வாங்க வந்தவரும் சொன்னார். பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து ஆட்கள் ஒழுங்கை ஒழுங்கையாகப் பழைய கார் தேடி வந்தார்கள். எத்தனையோ ஒஸ்டின்கள் அப்படிப் போயின. இந்த வருடமும் ஒருவர் வந்தார். தறப்பாளைத் தூக்கிப் பார்த்து, என் பயணச் சீட்டுக்கும் போய், வீட்டுக் கூரைக்கும் மிஞ்சுகிற ஒரு தொகை சொன்னார். ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். "புத்தகம் ஐயாவின்ர பேரிலை இருக்கு. மரணச் சான்றிதழ் ஒண்டு எடுத்தா மாத்திப் போடலாம்" என்றார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

மகனிடம் கேட்டேன், மணமானவர் என்று போட்டால் புருசன் எங்கே என்று கேட்பார்களே, மறுத்துவிட்டால் என்ன செய்வது? பதினெட்டு வருடமாக அவன் முகத்தை ரெலிபோனில்தான் பார்க்கிறேன். அவன் கனநேரம் யோசித்து, "உங்களுக்குச் சரியெண்டு படுறதைப் போடுங்கோ. மறுத்தா நான் வாறன். மியூசியம் எங்கையும் ஓடாது" என்றான்.

மணமானவர் என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். கேட்டால் நடந்ததைச் சொல்லுவேன்.

அடுத்த மாதம் 9ஆம் திகதி கொழும்பில் நேரம் தந்திருக்கிறார்கள். இரவு பஸ்ஸில் போக வேண்டும். அதற்கு முன்னர் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போய் ஒரு புதுத் தறப்பாள் வாங்க வேண்டும். பழையது பொனற்றுக்கு மேலே கிழிந்துவிட்டது, மழைத்தண்ணி நேரே என்ஜினுக்குள் இறங்குகிறது.