உபுண்டு போயும் க்ரப் போகவில்லை

சனி, காலை

அக்கா மகள் லேப்டாப்போடு வந்திருக்கிறாள். ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது, இடம் வேண்டும் என்று உபுண்டு பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்தே அழித்தாளாம். அன்றிலிருந்து பவர் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் ‘க்ரப்’ வந்து நிற்கிறது. ‘எக்ஸிட்’ என்று அடித்தால்தான் விண்டோஸ் வருகிறது.

“உபுண்டுவைத்தான் அழிச்சாச்சே மாமா, இது ஏன் போகல?”

சனி, மதியம்

நியாயமான கேள்வி. உபுண்டுவை நிறுவும்போது அது மூன்று இடங்களில் எழுதுகிறது. ஒன்று, அதற்கென ஒதுக்கிய பார்ட்டிஷன். இரண்டு, வட்டில் தனியே ஒளிந்திருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன். உபுண்டுவை எழுப்பும் க்ரப் இருப்பது அங்கே. மூன்று, மதர்போர்டின் நினைவகத்தில் உள்ள பூட் வரிசை. அவள் அழித்தது முதலாவதை மட்டும். மதர்போர்டு வழக்கம்போல க்ரப்பை எழுப்புகிறது. க்ரப் தன் மெனுவைத் தேடிப் போனால் அந்தப் பார்ட்டிஷனே இல்லை.

‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ போடச் சொல்லி அவளுடைய நண்பன் யோசனை சொன்னானாம். அது பழைய பயாஸ் கணினிக்கான மருந்து. அங்கே வட்டின் முதல் 512 பைட்டில் 446 பைட் பூட் நிரலுக்கு. க்ரப்பின் ஆரம்பத் துண்டு அதில்தான் உட்காரும். இவளுடையது யுஇஎஃப்ஐ. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சனி, மாலை

தொடுவதற்கு முன், விண்டோஸில் வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். பூட் சங்கதியில் கை வைத்தால் சில சமயம் பிட்லாக்கர் அதைக் கேட்கும்.

கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ‘மவுண்ட்வால்’ கட்டளையால் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ‘எஸ்’ என்று எழுத்துக் கொடுத்தோம். உள்ளே பூட், மைக்ரோசாஃப்ட், உபுண்டு என்று ஃபோல்டர்கள். உபுண்டுவை மட்டும் அழித்தோம். அவள் விரல் ‘மைக்ரோசாஃப்ட்’ பக்கம் போனபோது, “அதுல கை வைக்காதே, விண்டோஸ் எழும்புறதே அதுலேருந்துதான்” என்றேன்.

அடுத்து பூட் வரிசை. ‘பிசிடிஎடிட்’டில் ஃபர்ம்வேர் பட்டியலை எடுத்தோம். ‘உபுண்டு’ என்று விவரம் இருந்த பதிவின் நீண்ட அடையாள எண்ணை, நெளிவு அடைப்புக்குறிகளோடு அப்படியே காப்பி செய்து, அதை நீக்கினோம். பவர்ஷெல்லில் செய்வதானால் அந்த எண்ணை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் அடைப்புக்குறியை அது வேறு விதமாக எடுத்துக்கொள்ளும். கடைசியில் ‘எஸ்’ எழுத்தையும் விடுவித்தோம்.

ரீஸ்டார்ட் செய்ததும் நேராக விண்டோஸ்.

ஞாயிறு

2008-இல் வந்த உபுண்டு 8.04-இல் வூபி என்றொரு வசதி இருந்தது. விண்டோஸுக்குள் ஒரு மென்பொருள்போல உபுண்டுவைப் போடலாம், அதேபோல எடுத்தும் விடலாம். பென்டிரைவிலிருந்து தனிப் பார்ட்டிஷனில் போடும் உபுண்டுவுக்கு அப்படி ‘அன்இன்ஸ்டால்’ பட்டன் கிடையாது. நிறுவி மூன்று இடத்தில் வைத்ததை நாம்தான் மூன்று இடத்திலும் போய் எடுக்க வேண்டும். அதிலும் தலைகீழாகப் போவது நல்லது: முதலில் பூட் வரிசை, அடுத்து இஎஃப்ஐ ஃபோல்டர், பார்ட்டிஷன் கடைசியில். அப்படிச் செய்தால் நடுவில் எங்கே நிறுத்தினாலும் விண்டோஸ் பாட்டுக்கு எழும்பும்.