நாடிக்குள் ஒரு கண்

இருதயத்துக்கு இரத்தமூட்டும் முடியுரு நாடி சில மில்லிமீற்றர் அகலமே உடையது. அது அடைபடும்போது, மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, ஸ்டென்ற் எனப்படும் உலோக வலைக்குழலைப் பொருத்துவர். எக்ஸ்-கதிர்ப் படத்திலே தெரிவது நாடியின் நிழல் மாத்திரமே. ஸ்டென்ற் நன்கு விரிந்து சுவரோடு பொருந்திற்றா என்பதை அந்நிழல் தெளிவாய்ச் சொல்லாது. ஆகவே, செவிக்கெட்டா ஒலியலையாலோ ஒளியாலோ உள்ளிருந்தே படம்பிடிக்கும் நுண்கருவியை நாடிக்குள் அனுப்புகின்றனர். இதனால் விளையும் நன்மை பெரிது. சிக்கலான அடைப்புடைய 1639 பேரை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த கொரிய ஆய்வில், இதன் துணையோடு சிகிச்சை பெற்றோருள் 7.7 வீதத்தினரும், நிழற்படத்தை மட்டும் கொண்டு சிகிச்சை பெற்றோருள் 12.3 வீதத்தினரும் இருதய மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை என்பவற்றுள் ஒன்றுக்கு ஆளாயினர்.

ஆயினும் இக்கண் தொடாமற் பார்ப்பதில்லை. கருவி உரசுவதால் நாடி இறுகிச் சுருங்கலாம், உட்சுவர் கிழியலாம், இரத்தம் உறையலாம். கருவியின் நுனி புதிய ஸ்டென்ற்றின் கம்பியிற் சிக்கிக்கொண்டால், வெளியே இழுக்கையில் ஸ்டென்ற்றே உருக்குலைவதும் உண்டு. ஒலியலைக் கருவி பற்றி 1995இல் வெளியான ஆய்வொன்றில், 2207 பேருள் 2.9 வீதத்தினருக்கு நாடிச்சுருக்கம் ஏற்பட்டது. அதனைத் தவிர்த்து, கருவியால் விளைந்ததென உறுதியாகக் கொள்ளப்பட்ட கேடு 0.4 வீதமே. இதற்கஞ்சிக் கருவியை ஒதுக்குவது பேதைமை. ஆனால், எண் சிறிதென்பதனால் அதனை நோயாளியிடம் மறைக்கலாமோ?

என் மாமனார் கமக்காரர். அவருக்கு இச்சிகிச்சை நடந்த மருத்துவமனையில், கையொப்பத்துக்கென நீட்டப்பட்ட தாள் முழுவதும் ஆங்கிலம். "ஒண்டும் நடக்காது, போடுங்கோ" என்றார் தாளைக் கொணர்ந்தவர். கிறீன் வைத்தியர் மானிப்பாயிலே மருத்துவக் கல்வியையே தமிழிற் புகட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இன்றோ ஒரு பக்கத் தாளுக்குத் தமிழ் கிடைக்கவில்லை!

"தம்பி, இதிலை என்ன எழுதிக்கிடக்கு?" என்று மாமா கேட்டார். வரிவரியாகச் சொன்னேன். அமைதியாகக் கேட்டிருந்தவர், "கிழிஞ்சால் என்ன செய்வினம்?" என்றார். தாளில் அதற்கு விடை இல்லை. அவ்வழியே வந்த இளம் வைத்தியர் ஒருவரிடம் அக்கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, "சின்னக் கிழிசல் தானாய் ஆறும் ஐயா, பெரிசெண்டால் இன்னொரு ஸ்டென்ற் வைச்சு மூடுவம், மிக அருமையாத்தான் நெஞ்சைத் திறக்கவேண்டி வரும்" என்றார்.

அதற்கு இரண்டு நிமிடமும் செல்லவில்லை. மாமா பேனாவை வாங்கித் தமிழிலே தம் பெயரை எழுதினார்.