அச்சா, திரையா?

வான் ஐக்கின் ‘அர்னோல்ஃபினி இணையர்’ (1434) ஓவியமும் பிக்காசோவின் ‘குவெர்னிக்கா’வும் (1937) ஒரே அகலமுடையவை என்று விடைத்தாளில் எழுதியிருந்தாள் ஒரு மாணவி. தமிழ் முதுகலை வகுப்புக்கு விருப்பப்பாடமாகக் கலை வரலாறு நடத்துகிறேன். படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. வகுப்பில் கேட்டேன். “செல்பேசியில் இரண்டும் அப்படித்தானே ஐயா இருந்தன?” என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது. முன்னதன் அகலம் 60 செ.மீ.; ஒரு சன்னல் கதவளவு. பின்னது ஏறத்தாழ 7.8 மீட்டர், எங்கள் வகுப்பறைச் சுவர் போதாது. அச்சு நூலின் விலை அவர்களுக்கு எட்டாதென்று மின்பதிப்பைப் பரிந்துரைத்தவன் நான்தான்.

அச்சு நூல் மட்டும் உண்மை அளவைக் காட்டிவிடுமா? காட்டாது. ஆனால் படத்தின் கீழேயே அளவு அச்சாகியிருக்கும். நாங்கள் வாங்கிய மின்பதிப்பில் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் போதும், படம் ஒரு திரையிலும் குறிப்பு மறு திரையிலுமாகப் பிரிந்துவிடுகின்றன.

‘தி ஸ்டோரி ஆஃப் ஆர்ட்’ (1950) எழுதிய கோம்பிரிச், கூடியவரை பக்கம் புரட்டாமலேயே வாசகர் படத்தைக் காணவேண்டும் என்று அக்கறை கொண்டவர். முன்னுரையில் அதைச் சொல்லியும் இருக்கிறார். அதே நூலின் கையடக்கப் பதிப்பு (2006) படங்களையெல்லாம் பின்னால் தொகுத்து, அடையாளம் வைக்க இரண்டு நாடாக்களைத் தந்தது. படத்தையும் சொல்லையும் பிரிப்பதில் அச்சும் சளைத்ததன்று.

திரைக்கு நான் பட்ட கடனையும் மறைக்கலாகாது. அர்னோல்ஃபினி ஓவியத்தின் பின்சுவரில் ஒரு குவியாடி உண்டு. என் பழைய நூலில் அது மிளகளவே. பத்தாண்டுகள் அதை விளக்கிப் பாடம் நடத்தியிருக்கிறேன். திரையில் விரித்துப் பார்த்த அன்றுதான், ஆடியின் சட்டத்தைச் சுற்றிப் பத்துச் சிறுவட்டங்களில் கிறிஸ்துவின் பாடுகள் தீட்டப்பட்டிருப்பதைக் கண்ணால் கண்டேன். அதுவரை நான் நடத்தியது படித்ததை, பார்த்ததை அன்று.

இவ்வாண்டு நூலகத்துக்கு ஓர் அச்சுப்படி வாங்கச் செய்தேன். மாணவர் கையில் மின்பதிப்பே இருக்கிறது. முதல் வகுப்புக்கு ஒரு கயிறு கொண்டுபோனேன். தாழ்வாரத்தில் 7.8 மீட்டர் அளந்து, இரு முனைகளிலும் இருவரை நிறுத்தினோம். நெடுநேரம் யாரும் பேசவில்லை.

ஆயினும் மனம் முழுதும் ஆறவில்லை. நூலகப்படியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நான்கு மணிப் பேருந்தைப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதுபோலத்தான்.