ஒப்படைக்கப்பட்டவர்



லத்தீன் செத்த மொழி என்பார்கள். ஆஸ்பத்திரியில் அது இன்னும் சாகவில்லை. 'உடனே கொடு' என்பதற்கு 'ஸ்டாட்', 'தேவைப்படும்போது கொடு' என்பதற்கு 'பி.ஆர்.என்.' என்று மருந்துத் தாளில் தினமும் அதைப் பார்க்கிறோம். நம் சபையில் நர்ஸ் வேலை செய்கிற எங்களுக்குத் தெரிந்த லத்தீன் அவ்வளவுதான்.

அதை நம்பித்தான், நித்திரையடைந்த ஓய்வுநாள் பாடசாலை அக்காவின் நினைவுப் பலகைக்கு, 'அவருடைய ஸ்பிரிட் என்றும் சாகாது' என்ற ஆங்கில வரியை லத்தீனில் கேட்டீர்கள். அகராதியோடு சில மாலைகள் உட்கார்ந்தோம்.

முதல் சிக்கல் 'ஸ்பிரிட்'. ஊசி போடுமுன் தோலைத் துடைப்பதும் ஸ்பிரிட், விளையாட்டுக் குழுவின் உற்சாகமும் ஸ்பிரிட். லத்தீனிலோ 'அனிமுஸ்' என்றால் மனமும் துணிவும். 'அனிமா' என்றால் உடலை உயிர்ப்பிக்கும் ஆத்துமா. 'ஸ்பிரிதுஸ்' என்றால் மூச்சு, ஆவி. பரிசுத்த ஆவியானவருக்கு லத்தீன் வேதாகமம் வைத்திருப்பது இந்தக் கடைசிச் சொல். 'ரெஸ்பிரேஷன்', 'எக்ஸ்பயர்' இரண்டும் இதன் உறவுகளே. தமிழிலும் அப்படித்தான்: சளி பிடித்தால் அம்மா 'ஆவி பிடி' என்கிறார், ஆராதனையில் அதே சொல்லால் தேவனைத் துதிக்கிறோம்.

அடுத்தது சாவு. 'மோரியோர்', அதாவது 'சாகிறேன்', வடிவத்தில் செயப்பாட்டுவினை, பொருளில் செய்வினை. 'பிறக்கிறேன்' என்னும் 'நாஸ்கோர்' அப்படியே. 'வாழ்கிறேன்' என்னும் 'வீவோ' மட்டும் நேரான செய்வினை. இலக்கணத்தை உபதேசமாக்க வேண்டாம். ஆனாலும் பிரசவ அறையிலும் கடைசிக் கட்டிலருகேயும் நின்ற எங்களுக்கு இது சரியென்றே பட்டது. வருவதும் போவதும் நம் கையில் இல்லை. நடுவிலுள்ள நாட்களே நாம் செய்ய வேண்டியவை. அக்கா அவற்றை உங்களுக்காகச் செலவிட்டார்.

பலகைகளில் காணும் 'ஆர்.ஐ.பி.' லத்தீனில் 'ரெக்வியெஸ்காத் இன் பாச்சே'. 'சமாதானத்தில் இளைப்பாறுவாராக' என்று மரித்தவருக்காகக் கேட்கும் விண்ணப்பம் அது. அப்படி ஜெபிப்பது நம் சபை வழக்கமல்ல. ஆகவே இன்னும் பின்னே போய், ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் பொறித்ததைப் பார்த்தோம். அங்கே அடிக்கடி வரும் சொல் 'தெபோசிதுஸ்', பெண்ணுக்குத் 'தெபோசிதா'. கீழே வைக்கப்பட்டவர் என்று பொருள். நம்பி ஒப்படைத்த பொருளையும் அதே சொல்லால் குறிப்பார்கள். வங்கியில் போடும் 'டெபாசிட்' அதிலிருந்து வந்ததுதான். ஒப்படைத்ததை உரியவர் ஒருநாள் கேட்டு வாங்குவார் அல்லவா? 'செமட்ரி' என்ற சொல்லும் கிரேக்கத்தில் தூங்கும் இடமே. நம் பெரியவர்கள் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பதும் இதே நம்பிக்கைதான்.

சாகாத ஸ்பிரிட் என்ற வரியில் உயிர்த்தெழுதலுக்கு இடமில்லை. எனவே நாங்கள் தருவது 'தெபோசிதா இன் பாச்சே': சமாதானத்தில் ஒப்படைக்கப்பட்டவர். அதன் கீழே தமிழிலும் பெரிதாக எழுதுங்கள். அந்தப் பலகைமுன் அதிக நேரம் நிற்கப்போகும் அக்காவின் அம்மாவுக்கு லத்தீன் தெரியாது.