குவீன்ஸ் கார்டனில் ஒரு நாழிகை

புனேயில் 'மதராஸி' என்ற சொல்லைச் செவியுறாத தமிழ்க் குடும்பம் உண்டோ? சீட்டு ஜன்னலில் அமர்ந்து நானும் அதனைக் கேட்டு மனம் வெதும்பியதுண்டு.

சென்ற மாதம் எனது ஓய்வு நாளொன்றில், குவீன்ஸ் கார்டனிலுள்ள பழங்குடியினர் அருங்காட்சியகத்திற்கு மகளை அழைத்துச் சென்றேன். 1962-இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்தது அது. சிம்மகட் சாலையிலுள்ள ஜப்பானியப் பூங்காவைக் காணச் செல்வோர் பலர். இங்கே அன்று எங்களைத் தவிர ஒருவருமில்லை. (அந்த ஜப்பானும் தன் ஐனு மக்களைத் தொல்குடிகளென்று சட்டத்தில் ஏற்றது 2019-இல்தான்!)

மண் சுவரில் அரிசி மாவினால் வார்லி மக்கள் தீட்டும் சித்திரங்களைக் கண்டு, "நம் கோலம் போலிருக்கிறதே, அப்பா!" என்றாள் மகள். முகமூடிகள், மூங்கிற் பொருள்கள் யாவும் கண்டோம்.

காத்கரி மக்களைப் பற்றி அவள் வினவினாள். நாம் தாம்பூலத்துடன் மெல்லும் காசுக்கட்டியைக் காய்ச்சியவர்கள், அதனாலேயே அப்பெயர். மகாராஷ்டிரத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளென அரசு வகுத்த மூன்றினுள் ஒன்று, என்றேன். அதற்குமேல் சொல்ல நா எழவில்லை.

முன்பு மலையடிவார நிலையமொன்றில் நான் பணியாற்றுங்கால், காத்கரி மூதாட்டி ஒருத்தி விறகுச் சுமையுடன் சீட்டு வாங்க வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற நால்வருக்கு முதலில் கொடுத்தேன். அவள் சண்டையிடவில்லை, சுமையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காத்திருந்தாள்.