நேராகப் போகாத ஓடம்

பழைய தலைநகரங்களைப் பார்க்கப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. இடிந்த மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்து, "ஆஹா! எப்படி இருந்த ஊர்!" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஒரு ரகம். வந்து இறங்கியதும் வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, குன்று கண்ட இடத்தில் ஏறி, ஆறு கண்ட இடத்தில் இறங்கி, சாயங்காலம் முழங்காலில் சிராய்ப்போடு திரும்புகிறவர்கள் இன்னொரு ரகம். நான் முதல் ரகத்தைச் சேர்ந்தவன். அதிலும் கொஞ்சம் மோசமான பிரிவு. அந்தப் பெருமூச்சைக்கூட ஊருக்குப் போகாமல், சென்னையில் என் வீட்டு ஈஸிசேரில் சாய்ந்தபடியே விட்டவன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் விஜயநகரத்தை வைத்து ஒரு தொடர்கதை எழுதினேன். ஹம்பியை நான் பார்த்ததே இல்லை. கன்னிமாரா நூலகத்தில் ராபர்ட் சிவெல் 1900-இல் வெளியிட்ட சரித்திர நூல் கிடைத்தது. 1520-ஆம் ஆண்டு வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பயஸ், அவருக்குப் பின் வந்த நூனிஸ் என்ற இரண்டு போர்த்துகீசியர்கள் எழுதிவைத்ததெல்லாம் அதில் மொழிபெயர்ப்பாக இருக்கிறது. இரண்டு மாதம் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். மிச்சத்தைக் கற்பனை பார்த்துக்கொண்டது.

"எழுதறதுக்கு முன்னால ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமே?" என்று என் மனைவி கேட்டாள்.

"அதான் எல்லாத்தையும் ஒருத்தன் எழுதி வச்சிருக்கானே!" என்றேன்.

பதினோராவது அத்தியாயத்தில் கதாநாயகி நிலவு காயும் இரவில் துங்கபத்திரையைக் கடக்கிறாள். அன்னப்பட்சி போன்ற ஓடம், அம்பு விட்டாற்போல் நேராக ஆனெகுந்திக் கரையை நோக்கிப் பாய்ந்தது என்று எழுதியிருந்தேன். ஓவியரும் அன்னத்தின் கழுத்தை வெகு அழகாக வளைத்துப் போட்டிருந்தார். பத்திரிகைக்கு அனுப்புமுன் ஒவ்வோர் அத்தியாயத்தையும் என் மனைவிக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். இந்த இடம் வந்ததும், "ஓடமா?" என்றாள். "ஓடந்தான்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் பால் வைத்திருந்ததைப் பார்க்க எழுந்து போய்விட்டாள்.

அந்த அத்தியாயம் வெளிவந்த மறுவாரம், ஹொசபேட்டையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாசகர் தபால் கார்டு எழுதியிருந்தார். இங்கே ஆற்றைக் கடப்பது பரிசலில்தான், பரிசல் சுற்றிச் சுற்றித்தான் போகுமே தவிர அம்பு போல் போகாது, ஒருமுறை வந்தால் நானே அழைத்துப் போய்க் காட்டுகிறேன் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார். "சரித்திர நாவல் படகுத்துறையின் கால அட்டவணை அல்ல" என்று நான் பதில் போட்டேன். அந்த வாக்கியத்தை அப்போது மிகவும் ரசித்தேன்.

அவருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. பரிசலைப் பற்றிப் பயஸே எழுதியிருக்கிறார். கூடை போல் வட்டமான படகுகள், உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், அவசியமானால் குதிரையையும் மாட்டையும்கூட ஏற்றலாம், ஆனால் சுழன்றுகொண்டேதான் போகும் என்று விவரமாகவே எழுதியிருக்கிறார். அதை நான் படித்திருந்தேன். படித்தும் விட்டுவிட்டேன். காதலனைத் தேடிப் போகிற கதாநாயகி கூடையில் உட்கார்ந்து கிறுகிறுவென்று சுற்றினால் வாசகர்கள் சிரித்துவிடுவார்கள் என்று பயம்.

என் மனைவி காலமாகி ஆறு வருஷமாகிறது. சென்ற தை மாதம் பெங்களூரிலிருந்து என் பேத்தி போன் செய்தாள். அவள் அங்கே வேலை பார்க்கிறாள். சனி ஞாயிறு வந்தால் எங்காவது பாறையேறப் போய்விடுவாள்.

"தாத்தா, நாலு நாள் லீவு போட்டிருக்கேன். ஹம்பி போறோம். நீங்களும் வரீங்க."

எழுபத்திரண்டு வயதில் இப்படி உத்தரவு போட ஒரு பேத்தி இருப்பது பாக்கியந்தான். இரவு ரயில் ஏறி, காலையில் ஹொசபேட்டையில் இறங்கினோம். அங்கிருந்து ஹம்பி பதின்மூன்று கிலோமீட்டர். ஒரு காகிதத்தில் அவள் திட்டம் எழுதி வைத்திருந்தாள். முதல் நாள் சைக்கிள், மாலையில் பாறை. இரண்டாம் நாள் விடியுமுன் மதங்க மலை, பிறகு பரிசல். "கோயில் எங்கேம்மா?" என்று கேட்டேன். "வழியில வரும், தாத்தா" என்றாள்.

வாஸ்தவந்தான், வழியெல்லாம் வந்தது. 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்த இடம் 4,187 ஹெக்டேர். ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பழைய கட்டடங்களின் மிச்சங்கள் அதில் சிதறிக் கிடக்கின்றன. இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிக்கும்போது ஒன்றும் ஆகாது. சைக்கிளில் மிதிக்கும்போதுதான் தொடை அதைப் புரிந்துகொள்கிறது. என் கதாநாயகி அந்தப்புரத்திலிருந்து ஆற்றங்கரைக்கு அரை நாழிகையில், அதாவது பன்னிரண்டு நிமிஷத்தில், சிலம்பு ஒலிக்காமல் நடந்துவிடுவாள். தாமரை மஹாலிலிருந்து விரூபாக்ஷர் கோயில் பக்கம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். சைக்கிளில் போன எனக்கே அரை மணிக்கு மேல் ஆயிற்று. நடுவில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். பாவம், அந்தப் பெண்ணை இருபத்தாறு வாரம் என்ன பாடு படுத்தியிருக்கிறேன்!

விட்டலர் கோயிலின் கல் தேரை ஐம்பது ரூபாய் நோட்டிலேயே எல்லோரும் பார்த்திருப்பார்கள். அங்கே இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்க இப்போது அனுமதி இல்லை. நல்ல காரியம். நான் அதிக நேரம் நின்றது மகாநவமி மேடையைச் சுற்றித்தான். நவராத்திரி விழாவை அரசர்கள் அமர்ந்து பார்த்த மேடை என்று சொல்லப்படும் அந்த உயர்ந்த கல் மேடையின் பக்கங்களில் வரிவரியாகச் சிற்பங்கள். மல்லர்கள் கட்டிப் புரளுகிறார்கள். வேட்டைக்காரர்கள் ஓடுகிறார்கள். குதிரைகளை நடத்திப் போகிறார்கள். பெண்கள் ஆடுகிறார்கள். சும்மா சாய்ந்திருக்கிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்போதுதான் நான் விட்டுவிட்ட இன்னொரு பக்கமும் ஞாபகம் வந்தது. கிருஷ்ணதேவராயரின் காலைப்பொழுதைப் பயஸ் எழுதியிருக்கிறார். விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் குடிப்பாராம். அதையே உடம்பெல்லாம் பூசிக்கொள்வாராம். இடுப்பில் ஒரு சிறு துணியோடு, மண்ணால் செய்த பெரும் பளுக்களைத் தூக்குவார். வாள் வீசுவார். உடம்பில் பூசிய எண்ணெயெல்லாம் வியர்வையாக வழியும் வரை விடமாட்டார். பிறகு ஒரு மல்லனோடு மல்யுத்தம். அதன் பிறகு குதிரையேறி, பொழுது புலரும் வரை வெளியில் சவாரி. என் கதையில் அதே ராயர் திண்டில் சாய்ந்து, தாம்பூலம் மென்றபடி வீணை கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் ஈஸிசேரை விட்டு எழாதவன் எழுதிய ராஜா வேறு எப்படி இருப்பார்?

இவ்வளவு யோசித்த மனிதன் அன்று மாலை பேத்தியிடம் கோபித்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? முதுகில் மெத்தை மாதிரி ஒன்றைச் சுமந்துகொண்டு அவள் கிளம்பினாள். பாறையிலிருந்து விழுந்தால் தாங்குவதற்காம். கயிறு கிடையாது. கைவிரலும் கால்விரலுந்தான். வெயிலில் பாறை சுடும் என்பதால் காலையும் மாலையுந்தான் ஏறுவார்கள். கிறிஸ் ஷர்மா என்ற அமெரிக்கர் இங்கே பாறையேறியது 2003-இல் படமாக வந்தது. அதன் பிறகு பல தேசத்திலிருந்து இதற்கென்றே ஆட்கள் வருகிறார்களாம்.

"ஏம்மா, 1565-இல் ஒரு பேரரசின் தலைநகரம் அழிந்து போன இடம் இது. இங்கே வந்து சர்க்கஸ் செய்வதா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நான் கோயில் கல்லைத் தொடறதில்ல, தாத்தா. மனுஷன் கட்டினது எதிலயும் ஏற மாட்டோம். இது சும்மா கிடக்கிற பாறை. ராயருக்கும் முன்னாலேயே இப்படித்தான் கிடந்தது" என்றாள். பிறகு, 2019-இல் சில வாலிபர்கள் இங்கே ஒரு தூணைத் தள்ளிவிட்டு அதைப் படமும் எடுத்துக்கொண்ட கதையைச் சொன்னாள். ஆளுக்கு எழுபதாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, அந்தத் தூணை அவர்களைக் கொண்டே திரும்ப நிறுத்த வைத்தது நீதிமன்றம். "அவங்க பாறை ஏற வந்தவங்க இல்ல, தாத்தா. சும்மா பார்க்க வந்தவங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் ஒரு பாறையின் அடியில் நின்று, அதை ஐந்து நிமிஷம் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு ஏறினாள். நழுவி விழுந்தாள். மறுபடி தடவிப் பார்த்தாள். அந்தப் பொறுமையோடு நான் ஒரு நாளும் ஒரு குறிப்பைச் சரிபார்த்ததில்லை.

மறுநாள் விடியுமுன் மதங்க மலை. ஏறும்போது இருட்டு, ஆகவே பயம் தெரியவில்லை. உச்சியில் வீரபத்திரர் கோயில். கிழக்கு வெளுத்ததும் அச்சுதராயர் கோயிலும், அதன் நீண்ட கடைவீதியும், வாழைத் தோட்டங்களும், பாறைகளுக்கு நடுவே ஆறும் ஒவ்வொன்றாகக் கீழே எழுந்து வந்தன. அதை வர்ணிக்க நான் முயலப்போவதில்லை. ஒருமுறை வர்ணித்துப் பட்டது போதும்.

இறங்கும்போதுதான் ஆபத்து வந்தது. பாதி வழியில், சரிவான ஒரு பாறையில், என் முழங்கால் இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. கீழே பார்த்தேன். அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியவில்லை. தொண்டை வறண்டுவிட்டது. பேத்தி இரண்டு படி கீழே போய் நின்று திரும்பினாள்.

"கீழ பார்க்காதீங்க. என்னைப் பாருங்க. உட்காருங்க. கூச்சப்படாம உட்கார்ந்தே இறங்குங்க. கை பாறையில இருக்கட்டும். அவசரமே இல்ல."

சின்னக் குழந்தை போல உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து இறங்கினேன். வேட்டி கிழிந்தது. பின்னால் வந்த நாலு பேர் ஒதுங்கிப் போனார்கள். கீழே வந்து சேர முக்கால் மணி ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவள் எனக்கு இரண்டு படி கீழேயே இருந்தாள்.

பத்து மணிக்குச் சக்கர தீர்த்தத்தில் பரிசல் ஏறினோம். மூங்கில் பின்னலுக்கு இப்போது தோல் இல்லை, பிளாஸ்டிக் சாக்கும் தாரும். மிதவைச் சட்டை போட்டுவிட்டார்கள். பரிசல்காரர் என்னை "அஜ்ஜா" என்று கூப்பிட்டு நடுவில் உட்காரச் சொன்னார். அணையைத் திறந்து ஆறு பெருகிவிட்டால் பரிசல் கரையேறிவிடும், அந்த நாட்களில் வருமானம் இல்லை என்று அவர் கன்னடத்தில் சொன்னதைப் பேத்தி தமிழில் சொன்னாள். அவர் அப்பா காலத்தில் சைக்கிளும் ஆடும் ஏற்றுவார்களாம், இவர் மோட்டார் சைக்கிளையே ஏற்றியிருக்கிறாராம். பயஸின் குதிரை நினைவுக்கு வந்தது.

பாறையில் செதுக்கிய கோடி லிங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, வேடிக்கைக்காக அவர் துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டுச் சுழற்றினார். கோயில், குன்று, வானம், பேத்தி எல்லாம் ஒரு வட்டம் போய் வந்தன. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தாத்தா, உங்க கதையில அவ நேரா போவாளே?" என்றாள் பேத்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ அதைப் படிச்சிருக்கியா?"

"பாட்டி பைண்டு பண்ணி வச்சிருந்தாங்க. போன வருஷம் பரண்ல எடுத்தேன். அந்த இடத்துல பாட்டி பென்சிலால ஒரு கேள்விக்குறி போட்டிருக்காங்க. எனக்கு அப்ப புரியல."

எனக்குப் புரிந்துவிட்டது. என் மனைவி பிறந்த ஊர் பவானி. காவேரியில் பரிசல் ஏறிப் பள்ளிக்கூடம் போனவள். வட்டமான ஓடம் எப்படிப் போகும் என்பதைக் கன்னிமாரா நூலகத்துக்குப் போகாமல் என் வீட்டுச் சமையலறையிலேயே நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. "ஓடமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இங்கே ஒருமுறை வரலாம் என்று ஆசைப்பட்டதும் அவள்தான். கரையேறும் வரை நான் பேசவில்லை. தலை சுற்றுகிறது என்று பேத்தி நினைத்துக்கொண்டாள். அதுவும் உண்மைதான்.

ஹம்பிக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். கார்த்திகைக்கும் மாசிக்கும் நடுவே போங்கள், வெயில் கொல்லாது. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைப் போகுமுன் படித்துவிட்டு, அங்கே கால்களை நம்புங்கள். மலை இறங்கும்போது பயமாக இருந்தால் கூச்சப்படாமல் உட்கார்ந்து இறங்குங்கள். கூட வருகிறவர்கள் எதையாவது மெதுவாகக் கேட்டால், என்ன கேட்கிறார்கள் என்று இன்னொரு தடவை விசாரியுங்கள்.

அந்த ஹொசபேட்டை வாசகரின் கார்டைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. இந்தப் பக்கம் அவர் கண்ணில் பட்டால் என்னை மன்னிக்க வேண்டும். கதை மறுபதிப்புக்குப் போகிறது. பதினோராவது அத்தியாயத்தைத் திருத்திவிட்டேன். அன்னப்பட்சி போய்ப் பரிசல் வந்திருக்கிறது. கதாநாயகிக்குக் கொஞ்சம் தலை சுற்றத்தான் செய்யும்.