நாம் வாங்காத கடன்



கடன் வாங்காத குடும்பம் நம்மவர்களில் மிகக் குறைவு. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை, தீபாவளிச் செலவு, திடீரென்று வந்து நிற்கும் ஆஸ்பத்திரிச் செலவு என்று ஏதாவது ஒன்றுக்குக் கை நீட்டத்தான் வேண்டியிருக்கிறது. வாங்கியவர் கட்ட வேண்டும். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால், வாங்காத கடனுக்கு ஒருவன் நம்மைத் தேடி வந்தால் என்ன செய்வது? நம் கண்ணால் கண்டறியாத ஒரு மனிதருக்காக நாம் பயந்து நடுங்க வேண்டுமா? 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பார்கள். அந்தப் பழி இப்போது டெலிபோன் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு அது வந்த விதத்தையும், நாங்கள் அதைச் சமாளித்த விதத்தையும் சொல்கிறேன். நாளைக்கு உங்களுக்கு உதவக்கூடும்.

நாங்கள் பினாங்கில், சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். நானும் என் கணவரும் பிறந்து வளர்ந்தது கெடாவில், சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில். எங்களோடு என் மாமியாரும் இருக்கிறார். எண்பது வயதாகிறது. முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டிய கை அது.

சென்ற ஆண்டு என் மகன் என் கைப்பேசிக்குப் புது எண் ஒன்று வாங்கிப் போட்டுக் கொடுத்தான். இரண்டாவது வாரமே அழைப்புகள் தொடங்கின. ஓர் ஆணின் பெயரைச் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று மலாயில் கேட்டார்கள். தமிழ்ப் பெயர்தான். அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். மறுநாள் வேறொரு குரல் கேட்டது. அதற்கு மறுநாள் இன்னொரு குரல். "நீங்கள் அவர் மனைவிதானே? ஏன் மறைக்கிறீர்கள்?" என்று அதட்டினார்கள். ஒரே நாளில் பதினோரு தடவை மணி அடித்தது.

ஒரு நாள் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு நான் சந்தைக்குப் போயிருந்தேன். மணி அடித்ததும் மாமியார் எடுத்திருக்கிறார். "பணம் வராவிட்டால் ஆள் வரும். கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுவோம். அக்கம்பக்கம் முழுவதும் சொல்லுவோம்" என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். நான் திரும்பி வந்தபோது அவர் தன் சுருக்குப் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தும் பத்துமாக முந்நூறு வெள்ளி.

"இது என் காரியத்துக்குன்னு வச்சிருந்த காசு. இதக் கட்டிடும்மா. காசு போனாப் போகட்டும், மானம் போகக் கூடாது" என்றார்.

"நாம வாங்கலையே அத்தை!"

"வாங்கலைன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியுமா?"

வாசகர்களே, இந்தக் கேள்விதான் அந்தத் தொழிலின் முதலீடு. வசூல்காரன் நம்மிடம் கடன் பத்திரத்தைக் காட்டுவதில்லை, காட்டவும் முடியாது. அவன் கையில் இருப்பது நம் வெட்கம் மட்டுமே. ஏழை வீட்டில் பணத்துக்குப் பஞ்சம் இருக்கலாம், மானத்துக்குப் பஞ்சமில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, வாங்காத கடனையும் நாம் கட்டிவிடுவோம் என்று கணக்குப் போடுகிறான்.

அன்று இரவு மாமியார் தோட்டத்துக் காலத்தைச் சொன்னார். சம்பள நாளன்று ஆபீஸ் வாசலுக்குச் சற்றுத் தள்ளி வட்டிக்காரர் வந்து நிற்பாராம். கடைப் பற்றுக்காரரும் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பாராம். கறாரான மனிதர்கள்தாம். வட்டியும் கொஞ்சமில்லை. ஆனால் அவர்களுக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். எந்த லயத்தில் எத்தனையாவது வீடு என்பதும் தெரியும். ஒருவர் வாங்கிய கடனை இன்னொருவர் சட்டையைப் பிடித்துக் கேட்டதில்லை. இன்றைய வசூல்காரனுக்கு முகம் தெரியாது. ஓர் எண் மட்டும்தான் தெரியும். அந்த எண்ணுக்குப் பின்னால் யார் இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான்.

அந்த எண் எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பணம் போட்டுப் பேசும் அட்டையில் தொடர்ந்து பணம் போடாவிட்டால் அது காலாவதியாகிவிடும். பிறகு அந்த எண்ணை டெலிபோன் நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டு, சில காலம் கழித்து வேறு ஒருவருக்கு விற்கிறது. புது அட்டை என்று நாம் வாங்குவது யாரோ ஒருவர் வைத்திருந்த பழைய எண்ணாக இருக்கலாம். கடன் கொடுத்தவர்களின் ஏட்டில் அந்தப் பழைய ஆளின் பெயர் அப்படியே நிற்கிறது. மணி மட்டும் நம் வீட்டில் அடிக்கிறது.

நாங்கள் என்ன செய்தோம்? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தோம். எந்த எண்ணிலிருந்து, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, என்ன சொன்னார்கள் என்று மகன் எழுதி வைத்தான். வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் விட்டோம். அடுத்த அழைப்பில் நான் ஒரே ஒரு முறை தெளிவாகச் சொன்னேன்: "இந்த எண் இப்போது என்னுடையது. நீங்கள் தேடும் ஆளை எனக்குத் தெரியாது. உங்கள் நிறுவனத்தின் பெயர் என்ன? முகவரி என்ன?" அதற்குமேல் வாதாடவில்லை. கோபத்தில் ஒரு வார்த்தையும் விடவில்லை. அவர்கள் பல தடவை கேட்டும் என் அடையாள அட்டை எண்ணையோ வீட்டு முகவரியையோ கொடுக்கவில்லை. 'சரிபார்க்கத்தான் கேட்கிறோம்' என்பார்கள். நம்ப வேண்டாம். நாம் கொடுக்கும் ஒவ்வொரு விவரமும் நம்மைப் பிடிக்க இன்னொரு கயிறு.

பிறகு நோட்டுப் புத்தகத்தோடு பட்டாணி ரோட்டிலுள்ள போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தோம். எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. மிரட்டுவது குற்றவியல் சட்டத்தின் 503, 506ஆம் பிரிவுகளின்படி குற்றம். கடனே வாங்கியவராக இருந்தாலும் அவரை மிரட்ட யாருக்கும் உரிமை கிடையாது. அப்படியிருக்க, வாங்காதவர்களை மிரட்ட அவர்களுக்கு என்ன அதிகாரம்? புகார் எண்ணைக் குறிப்பிட்டு, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு மகன் ஒரு கடிதம் எழுதினான். அந்த நிறுவனத்தின் அழைப்புகள் நின்றன. வேறு இரண்டு எண்களிலிருந்து இன்னும் சில வாரங்கள் வந்தன. அவையும் குறைந்து ஓய்ந்தன. மாமியாரின் முந்நூறு வெள்ளி திரும்பவும் சுருக்குப் பைக்குள் போய்விட்டது.

அதில் பத்து வெள்ளி கொடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 'தொல்லை ஒழியட்டும்' என்று நாம் கொடுக்கும் சிறு தொகை தொல்லையை ஒழிக்காது. இந்த வீட்டில் கேட்டால் கிடைக்கும் என்று அவன் ஏட்டில் எழுதிக்கொள்வான். அடுத்த மாதமும் வருவான்.

இன்னொரு சங்கதி. நம்மில் பலர் குழம்பிப்போவது இங்கேதான். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் கடனாளி. அவருக்காகக் கையெழுத்துப் போட்டவர் பிணையாளர். இந்த இரண்டு பேர்தாம் கட்டக் கடமைப்பட்டவர்கள். கடன் வாங்குகிறவர் 'தொடர்புக்கு' என்று தன் அண்ணன் பெயரையோ நண்பர் பெயரையோ எழுதிக் கொடுப்பது உண்டு. அப்படிப் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் பிணையாளர் ஆகிவிட மாட்டார். "உன் பெயர் எங்களிடம் இருக்கிறது, நீதான் கட்ட வேண்டும்" என்று சொன்னால், "என் கையெழுத்து எங்கே? காட்டுங்கள்" என்று கேளுங்கள். நீங்களும் ஒருவரிடம் சொல்லாமல் அவர் எண்ணை எங்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். பிணைக் கையெழுத்துப் போடும்முன் நூறு தடவை யோசியுங்கள்.

உங்கள் பெயரிலேயே வேறு யாரோ கடன் வாங்கியிருப்பார்களோ என்று சந்தேகம் வந்தால், பேங்க் நெகாராவின் கடன் விவரப் பதிவில் உங்கள் கணக்கை இலவசமாகப் பார்க்கலாம். வங்கிக் கடன்கள் அதில் தெரியும். உண்மையாகவே கடன் கழுத்தை நெரிக்கும் குடும்பங்களுக்கு ஏ.கே.பி.கே. என்ற அமைப்பு 2006 முதல் இலவசமாக ஆலோசனை தந்து, வங்கிகளோடு பேசித் தவணையைச் சீர்படுத்த உதவுகிறது. பினாங்கில் இருப்பவர்கள் கிரீன் லேன் என்று நாம் சொல்லும் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் உள்ள பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம். 1969இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தில் தமிழிலேயே குறையைச் சொல்லலாம். ஏமாந்துபோய்ப் பணத்தை வங்கி வழியாக அனுப்பிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள். மோசடிக்காரரிடம் பணம் போனவர்களுக்காக 2022இல் ஏற்படுத்தப்பட்ட எண் அது.

அனுமதியில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங் கும்பல் வேறு ரகம். லாந்தர்க் கம்பங்களில் எண்ணை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். 1951ஆம் ஆண்டின் வட்டிக்கடைச் சட்டப்படி உரிமம் உள்ளவர்தான் வட்டிக்கு விடலாம். அடமானம் இருந்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு, இல்லாவிட்டால் 18 விழுக்காடு. அதற்குமேல் வட்டி வாங்கக் கூடாது. ஆலோங் இதை மதிப்பதில்லை. கடன் வாங்கியவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகும், புதிதாகக் குடிவந்த அப்பாவிகளின் வாசலில் சாயத்தை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். 'நீங்கள் தேடும் ஆள் இங்கே இல்லை' என்று கேட்டில் அட்டை எழுதித் தொங்கவிட்ட வீடுகள் நம் நாட்டில் உண்டு. அப்படி நேர்ந்தால் சாயத்தைக் கழுவுவதற்கு முன் படம் எடுத்துவிட்டுப் போலீசுக்குப் போங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். நாங்களே சொல்லிவிட்டதால் அவன் சொல்லிப் பயமுறுத்த ஒன்றும் மிச்சமில்லை.

2025ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. கடன் வசூல் செய்யும் நிறுவனங்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் சட்டம் அது. நல்லதுதான். ஆனால் சட்டம் புத்தகத்தில் இருக்கும். டெலிபோனை எடுப்பது நாம்தானே. நமக்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

கடைசியாக, அந்த மனிதரைப் பற்றி. அவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மாதா மாதம் பத்து வெள்ளி போட்டுத் தன் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ளவும் முடியாமல் போனவராக இருக்கலாம். ஏதோ ஒரு தோட்டத்தில் அவர் தாயும் சுருக்குப் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். "அவரைப் பற்றி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள், உங்களை விட்டுவிடுகிறோம்" என்று ஒருவன் ஆசை காட்டினான். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்தவர் கடனை நாம் சுமக்க வேண்டாம். அதற்காக அவரைக் காட்டிக்கொடுக்கும் வேலையும் நமக்கு வேண்டாம்.

வாசகர்களே, இதைப் படித்தவுடன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களை உட்காரவைத்து இதை வாசித்துக் காட்டுங்கள். பகலில் வீட்டில் தனியாக இருந்து டெலிபோனை எடுப்பவர்கள் அவர்கள்தாம். "இந்த மாதிரி யாராவது பேசினால், 'மகன் வந்ததும் பேசட்டும்' என்று சொல்லி வைத்துவிடுங்கள், காசைத் தொடாதீர்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். வாங்காத கடனுக்குத் தலைகுனிவது மானமில்லை என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.